முதலில் பயிற்சி, பிஸ்டல் அப்புறம்

கேள்வி:

வணக்கம் மேடம். டெக்சாஸ், ஃபிரிஸ்கோவில் இருக்கிறேன். வயது 38. ஐ.டி. வேலை. கணவர் திங்கட்கிழமை காலை விமானம் ஏறினால் வியாழன் இரவுதான் வீடு திரும்புவார். பெண்ணுக்கு 11 வயது, பையனுக்கு 4. போன வருடம் எங்களுக்கு கிரீன் கார்டு வந்தது. ஆலன் மால் சம்பவத்திலிருந்தே மனதில் ஒரு பயம். போன மாதம் எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் பின்கதவை உடைத்துத் திருடியிருக்கிறார்கள். என்னோடு வேலை பார்க்கும் மூன்று பெண்கள் சமீபத்தில் பிஸ்டல் வாங்கி, பயிற்சிக்கும் போகிறார்கள். கைப்பையில் வைக்கிற மாதிரி சின்னதாக ஒன்றை என் பிறந்தநாளுக்கு வாங்கித் தருவதாகக் கணவர் சொல்கிறார். வாங்கலாமா? என்ன பயிற்சி எடுக்க வேண்டும்? என் தங்கை எச்-4 விசாவில் இருக்கிறாள், அவளையும் வகுப்புக்கு அழைத்து வரலாமா? இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாமனார் தவறிய பிறகு மாமியார் விசிட்டர் விசாவில் வந்து எங்களோடு இருக்கிறார். ராத்திரி அவருக்குத் தூக்கமே இல்லை. "நானும் அவரோடயே போயிருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் நடப்பார். இரவில் சத்தம் கேட்டால் அது அவரா, வெளி ஆளா என்றே எனக்குத் தெரிவதில்லை. பயத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

வணக்கம். இந்தப் பயத்துக்காக நீங்கள் கூச்சப்பட வேண்டியதே இல்லை. 2023 மே 6 அன்று ஆலன் மாலில் எட்டுப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் நம் நாட்டிலிருந்து வந்து இங்கே பொறியாளராக வேலை பார்த்த இளம்பெண். அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில் பிளேனோவில், ஒரு உணவகத்தின் வாகன நிறுத்துமிடத்தில், இந்திய வம்சாவளிப் பெண்கள் நான்கு பேரை ஒரு பெண் கண்டபடி திட்டித் தாக்கிய காணொளி நம் எல்லோருடைய வாட்ஸ்அப்பிலும் வந்தது. அந்த இரண்டு சம்பவங்களுக்குப் பிறகும், துப்பாக்கிப் பயிற்சி தருகிற என் போன் ஓயவில்லை. அழைத்தவர்களில் பலர் தமிழிலும் தெலுங்கிலும் பேசிய பெண்கள். எல்லோரும் கேட்டதும் நீங்கள் கேட்டதைத்தான்: "வாங்கலாமா?"

உங்கள் அலுவலகத்தில் நீங்கள் பார்ப்பது நாடு முழுக்க நடக்கிற விஷயம். 2019 ஜனவரியிலிருந்து 2021 ஏப்ரல் வரை அமெரிக்காவில் சுமார் 75 லட்சம் பேர் வாழ்க்கையில் முதல் முறையாகத் துப்பாக்கி வாங்கியதாக ஒரு தேசிய ஆய்வு கணக்கிட்டது. அதில் ஏறத்தாழப் பாதிப் பேர் பெண்கள். ஏற்கெனவே துப்பாக்கி வைத்திருந்தவர்களில் ஆண்கள்தான் அதிகம். ஆக, துப்பாக்கிக் கடைக்கு வருகிற முகம் மாறிவிட்டது. பியூ ஆய்வு மையத்தின் 2023 கணக்குப்படி இந்த நாட்டுப் பெண்களில் நான்கில் ஒருவரிடம் துப்பாக்கி இருக்கிறது. முன்பெல்லாம் என் வகுப்பில் கணவரோ அண்ணனோ தள்ளிவிட்டு வந்தவர்கள்தான் அதிகம். இப்போது தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு, நோட்டும் பேனாவுமாக வருகிறார்கள். எனக்கு அதில் உண்மையாகவே சந்தோஷம். டெக்சாஸில் 2011இல் பெண்களுக்காகவே தொடங்கிய 'எ கேர்ள் அண்ட் எ கன்' போன்ற சங்கங்கள் இன்று பல மாநிலங்களில் நடக்கின்றன. நான் முதன்முதலில் துப்பாக்கியைத் தொட்டது கல்லூரி என்.சி.சி. முகாமில். தரையில் குப்புறப் படுத்து .22 ரைஃபிளில் சுட்டேன். அதற்கு முன் துப்பாக்கி என்றால் வங்கி வாசலில் காவலாளி மடியில் கிடக்கும் இரட்டைக்குழல்தான் தெரியும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்து, கடைக்குப் போன அன்றே பிஸ்டலோடு வீட்டுக்கு வந்துவிடக்கூடிய ஊரில் இருக்கிறோம். அந்த வித்தியாசத்தை நாம் கொஞ்சம் நிதானமாகத்தான் கடக்க வேண்டும்.

சரி, நேராகச் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக்கு வாருங்கள், இந்த மாதமே வாருங்கள். பிஸ்டலை இப்போது வாங்காதீர்கள்.

காரணம் உங்கள் கடிதத்தின் கடைசி நான்கு வரிகளில் இருக்கிறது. "இன்னொன்றும் சொல்ல வேண்டும்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மொத்தக் கடிதமும் அதுதான்.

முதலில் அந்த ராத்திரிச் சத்தம். முதல் நாள் வகுப்பில் நான்கு விதிகள் சொல்லித் தருவோம். எல்லாத் துப்பாக்கியிலும் தோட்டா இருக்கிறது என்றே நினைத்து நடந்துகொள். எதை அழிக்கத் தயாரில்லையோ அதன் பக்கம் குழலைத் திருப்பாதே. சுட முடிவெடுக்கும் வரை விரலை டிரிகரில் வைக்காதே. நான்காவது, எதைச் சுடுகிறோம், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடாதே. இப்போது உங்கள் வீட்டை நினைத்துப் பாருங்கள். இரவு இரண்டு மணி. கணவர் ஊரில் இல்லை. சமையலறைப் பக்கம் ஒரு டம்ளர் உருளுகிற சத்தம். நீங்கள் தூக்கக் கலக்கத்தில் எழுந்து இருட்டில் நிற்கிறீர்கள். ஹாலில் ஓர் உருவம் நகர்கிறது. அது யாராக இருக்கும்? உங்கள் வீட்டில், பெரும்பாலான இரவுகளில், அது தூக்கம் வராமல் தண்ணீர் குடிக்க எழுந்த ஒரு வயதான அம்மா. "அவரா, வெளி ஆளா என்று தெரிவதில்லை" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாத வீட்டில், படுக்கைக்குப் பக்கத்தில் தோட்டா போட்ட பிஸ்டல் இருக்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இரண்டாவது, "நானும் அவரோடயே போயிருக்கணும்." இதை நம் வீடுகளில் துக்கம் தாளாமல் பேசுகிற பேச்சாக எடுத்துக்கொண்டு கடந்துவிடுவோம். பல சமயம் அப்படித்தான் இருக்கும். ஆனால் தூக்கமும் போய், இரவெல்லாம் நடந்து, அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறவரை நான் அப்படி விட்டுவிட மாட்டேன். அமெரிக்காவில் துப்பாக்கியால் நடக்கும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள். செய்தியில் வருவது மால், பள்ளிக்கூடம். வராமல் போவது படுக்கையறை. கலிஃபோர்னியாவில் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2020இல் வந்தது. கைத்துப்பாக்கி வைத்திருந்த பெண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொண்ட விகிதம், வைத்திருக்காத பெண்களைவிட 35 மடங்குக்கும் மேல். ஆண்களுக்கு எட்டு மடங்கு. பெண்களைப் பாதுகாக்கிறேன் என்று இந்தத் தொழிலுக்கு வந்த எனக்கு அந்த எண்ணைப் படித்த நாள் மறக்காது. அதற்குப் பிறகுதான் என் வகுப்பில் முதல் ஒரு மணி நேரத்தை மாற்றினேன். துப்பாக்கியை மேசையில் எடுத்து வைக்கும் முன், "உங்கள் வீட்டில் இப்போது மனம் சரியில்லாதவர்கள் யாராவது இருக்கிறார்களா? உங்களுக்கே எப்படி இருக்கிறது?" என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்கிறேன்.

இது நமக்குப் புதிய விஷயமும் இல்லை. நம் கிராமங்களில் இதே பிரச்சினை பூச்சிமருந்து டப்பா வடிவத்தில் இருந்தது. காட்டுமன்னார்கோவில் பக்கம், சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் அவர் குழுவும் ஊருக்குப் பொதுவான இடத்தில் லாக்கர்கள் வைத்து, பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் அங்கே பூட்டி வைக்கச் சொன்னார்கள். அந்தக் கிராமங்களில் பூச்சிமருந்துத் தற்கொலைகள் குறைந்ததாக 2013இல் எழுதினார்கள். அந்த நேரத்து வேகம் அடங்க ஒரு சாவியின் தூரம், பத்து நிமிட நடை, போதுமானதாக இருக்கிறது. துப்பாக்கி அந்தப் பத்து நிமிடத்தைத் தருவதில்லை. தப்பிப் பிழைத்து, அப்புறம் பல வருடம் நன்றாக வாழ்கிற வாய்ப்பையும் அநேகமாகத் தருவதில்லை.

அதனால் பிஸ்டலுக்கு முன் மாமியாரைக் கவனியுங்கள். அவரிடம் நேராகக் கேட்கலாம்: "அத்தை, சாகணும்னு நிஜமாவே தோணுதா?" கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம், கேட்பதால் அப்படி ஆவதில்லை என்று மனநல மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். பலருக்கு யாரோ கேட்டதே பெரிய ஆறுதல். விசிட்டர் காப்பீட்டில் மனநலச் சிகிச்சைக்கு இடம் இருக்குமோ இருக்காதோ, ஊரில் அவருக்குப் பழக்கமான டாக்டரிடம் வீடியோவில் பேச வைக்கலாம். உடனடி ஆபத்து என்று தோன்றினால் 911. எந்த நேரத்திலும் பேச ஆள் வேண்டும் என்றால் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண். வீட்டில் ஒருவருக்காகக் கவலைப்படுகிறவர்களும் அந்த எண்ணை அழைக்கலாம், நீங்களே அழைக்கலாம். அவர் மாத்திரைகளையும் உங்கள் கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு ஒரு சட்ட விஷயமும் சேர்ந்து வருகிறது. நம் ஆட்களில் நிறையப் பேருக்கு இது தெரியவே தெரியாது. எச்-1பி, எச்-4, எஃப்-1, விசிட்டர் விசா என்று குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகவே தடை செய்கிறது. டெக்சாஸ் சட்டம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இதை மாற்ற முடியாது. வாங்குவது மட்டும் இல்லை, ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சிக் கூடத்தில், வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுத்துச் சுடுவதும் இதில் மாட்டும். அதிகபட்சத் தண்டனை 2022 முதல் 15 ஆண்டு. அதைவிட, துப்பாக்கிக் குற்றம் ஒன்று நீதிமன்றத்தில் நிரூபணமானால் நாடு கடத்தவே போதும். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விலக்கு உண்டு. "வால்மார்ட்டில் உரிமம் வாங்கிக்கிட்டா போதும்" என்று நண்பர்கள் சொல்வது இதை வைத்துத்தான். கிரீன் கார்டுக்கு வரிசையில் நிற்கும் பெண், குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசாமல் அந்த ஒற்றை விலக்கை நம்பி எதையும் தொடக் கூடாது.

ஆகவே தங்கையை ரேஞ்சுக்கு அழைத்து வராதீர்கள். வகுப்பறைப் பகுதிக்கு, அதாவது துப்பாக்கியே இல்லாத முதல் இரண்டு மணி நேரத்துக்கு, தாராளமாக வரட்டும். உங்களுக்கு கிரீன் கார்டு இருப்பதால் தடை இல்லை. ஆனால் வீட்டில் விசிட்டர் விசாவில் மாமியார் இருக்கும்போது துப்பாக்கி வந்தால், அவர் கைக்கு எட்டாமல், சாவியோ எண்ணோ அவருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். அவர் உயிருக்காகவும், சட்டத்துக்காகவும்.

அடுத்தது கைப்பை.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டதாகச் சொல்ல முடியவில்லை. முதல் பிஸ்டல் வாங்கிய புதிதில், ரேஞ்சிலிருந்து வந்து கைப்பையை சோபாவில் வைத்தேன். போன் அடித்தது. பேசிக்கொண்டே திரும்பினால் என் பெண், அப்போது ஐந்து வயது, முழங்கை வரை பைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறாள். சூயிங்கம் தேடுகிறாள். தினமும் அந்தப் பையிலிருந்துதான் எடுத்துக் கொடுப்பேன். பிஸ்டல் தனி ஜிப் அறையில் இருந்தது, அவள் விரல் அதற்கு ஓர் அங்குலம் தள்ளி இருந்தது. நான் கத்தவில்லை. போய்ப் பையை மெதுவாக எடுத்துக்கொண்டு, குளியலறையில் போய் உட்கார்ந்தேன். அன்றோடு கைப்பையில் வைப்பதை விட்டேன்.

எனக்கு அதிர்ஷ்டம் இருந்தது. 2014 டிசம்பர் 30 அன்று ஐடஹோ மாநிலத்தில் ஒரு வால்மார்ட் கடையில், 29 வயது அம்மா ஒருவர் தன் இரண்டு வயதுப் பையனாலேயே சுடப்பட்டு இறந்தார். துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி ஜிப் அறை வைத்துத் தைத்த கைப்பை அது. கணவர் கிறிஸ்துமஸுக்கு வாங்கித் தந்தது. தள்ளுவண்டியில் பையும் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். அவர் துப்பாக்கி தெரியாதவரும் இல்லை, பழகியவர். உங்கள் பையனுக்கு நான்கு வயது. உங்கள் கைப்பைக்குள் என்னவெல்லாம் இருக்கும் என்று உங்களைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

டெக்சாஸ் சட்டத்தில், 17 வயது நிறையாத பிள்ளையின் கைக்கு எட்டும்படி தோட்டா போட்ட துப்பாக்கியை அலட்சியமாக விட்டு, அது பிள்ளையின் கைக்குப் போய்விட்டாலே குற்றம். பிள்ளை அதைச் சுட்டு யாருக்காவது படுகாயமோ சாவோ ஏற்பட்டால் குற்றத்தின் தரம் இன்னும் கூடும். 2020இலிருந்து இந்த நாட்டில் ஒன்று முதல் 19 வயது வரையுள்ளவர்கள் இறக்க முதல் காரணமே துப்பாக்கிதான், சாலை விபத்தையும் தாண்டி. "அலமாரி மேல் வச்சிருக்கேன், அவனுக்கு எட்டாது" என்று சொல்கிற அம்மாக்களிடம் நான் ஒன்றுதான் கேட்பேன்: போன தீபாவளிக்கு ஒளித்து வைத்த இனிப்பை அவன் கண்டுபிடிக்கவில்லையா?

என்றைக்காவது வாங்கினால், பிஸ்டலுக்கு முன் பெட்டி வாங்குங்கள். எண் அழுத்தித் திறக்கிற, கட்டிலிலோ சுவரிலோ திருகி இறுக்குகிற எஃகுப் பெட்டி. விரல்ரேகை மட்டும் நம்புகிற மலிவுப் பெட்டிகள் ஈரக் கையில், மருதாணிக் கையில் திறக்க மறுப்பதை வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன். எண் பூட்டும் சேர்ந்து இருக்கட்டும். பிராஜக்ட் சைல்ட்சேஃப் என்ற திட்டத்தில் பல காவல் நிலையங்களில் கேபிள் பூட்டு இலவசமாகவே தருகிறார்கள். அதை மேலதிகப் பாதுகாப்பாக வைத்துக்கொள்ளலாம். காரில் விட்டுவிட்டுப் போகவே கூடாது. திருட்டுத் துப்பாக்கிகள் தெருவுக்கு வரும் பெரிய வழி கார் கண்ணாடிதான்.

இப்போது பயிற்சி. இதில்தான் எனக்குப் பேச ஆசை அதிகம்.

கணவர் பார்த்து வைத்திருக்கும் 'சின்ன பிஸ்டல்' பற்றி முதலில். பெண் கடைக்குள் நுழைந்ததும் பல கடைக்காரர்கள் சின்னதாக, எடை குறைவாக, சில சமயம் ரோஜா நிறத்தில் ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். கை சின்னது, ஆகவே துப்பாக்கியும் சின்னது என்று கணக்கு. நடப்பது தலைகீழ். எடை குறையக் குறையப் பின்னுதைப்பு கையை அதிகம் அறையும். பிடிக்க விரலுக்கு இடம் இருக்காது. குழல் குட்டை என்பதால் குறி பார்ப்பதும் கஷ்டம். நான்கு தோட்டா சுட்டதும் மணிக்கட்டு வலித்து, "எனக்கு இது வராது" என்று மேசையில் வைத்துவிடுகிற பெண்களை மாதாமாதம் பார்க்கிறேன். அவர்களிடம் நடுத்தர அளவு 9 எம்.எம். பிஸ்டல் ஒன்றைக் கொடுத்தால், பத்தாவது தோட்டாவில் முகம் மாறிவிடும். அதனால்தான் சொல்கிறேன்: வாடகைக்கு ஐந்தாறு வகை எடுத்துச் சுட்டுப் பார்க்காமல் யாரும், அன்போடு என்றாலும், உங்களுக்காகத் துப்பாக்கி வாங்கக் கூடாது. செருப்பையே போட்டுப் பார்த்துத்தானே வாங்குகிறோம்.

ஸ்லைடை, அதாவது பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகத்தை, இழுக்க வரவில்லை என்பது பெண்கள் சொல்லும் அடுத்த குறை. பலம் இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். கையை நீட்டிக்கொண்டு விரல் நுனியால் இழுத்தால் யாருக்கும் வராது. பிஸ்டலை மார்புக்குப் பக்கத்தில் கொண்டு வந்து, குழல் எப்போதும் இலக்கின் பக்கமே இருக்க, ஸ்லைடை உள்ளங்கை முழுக்கப் பற்றி அசையாமல் வைத்துக்கொண்டு, பிடியை முன்னால் தள்ள வேண்டும். இழுக்கக் கூடாது, தள்ள வேண்டும். 62 வயதில் மூட்டுவலியோடு வந்த ஒரு அம்மாவுக்கு இது மூன்றாவது முயற்சியில் வந்தது. வந்ததும் அவர் சிரித்த சிரிப்புக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

முதல் வகுப்பில் யாரும் நேராகச் சுடுவதில்லை. தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைக் கழற்றுவது, ஸ்லைடைத் திறந்து, சுடப்போகும் தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணால் பார்ப்பது, சுண்டுவிரலால் தடவிப் பார்ப்பது, மறுபடி பார்ப்பது. இந்த வரிசை மாறவே கூடாது. மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று நினைப்பதுதான் புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு. சேம்பரில் ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கும். அப்புறம் வெடிக்காத போலித் தோட்டாவை வைத்து டிரிகர் பயிற்சி. முதல் உண்மையான தோட்டாவைச் சுட்டதும் அழுதுவிடுகிற பெண்கள் உண்டு. அந்தச் சத்தமும் அதிர்வும் நெஞ்சுக்குள் போகும். அழுதால் பிஸ்டலை மேசையில் வைத்துவிட்டு இரண்டு அடி பின்னால் வந்து நின்று அழுங்கள், நான் பக்கத்தில் இருப்பேன். அவசரமே இல்லை.

உரிமம் பற்றி. 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் 21 வயது நிரம்பிய, தடை எதுவும் இல்லாத ஒருவர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம். அதனால் "இனி வகுப்பு எதுக்கு?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். என் கருத்தில் அந்தச் சட்டம் பெண்களுக்கு ஒரு நன்மையும் செய்யவில்லை. கற்றுக்கொள்ளும் கட்டாயத்தை மட்டும் எடுத்துவிட்டது. பழைய உரிமம் இன்னும் இருக்கிறது, விரும்பினால் வாங்கலாம். நான்கிலிருந்து ஆறு மணி நேர வகுப்பு, அப்புறம் 50 தோட்டா: 3 கெஜத்தில் 20, 7 கெஜத்தில் 20, 15 கெஜத்தில் 10. 250க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. உங்களுக்கு இது வேண்டும் என்பதற்கு ஒரு குறிப்பான காரணமும் இருக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. மாநில உரிமம் உள்ளவர்களுக்கு அதில் விலக்கு உண்டு. தினமும் காலையில் பிள்ளையை இறக்கிவிடும் அம்மா, உரிமம் இல்லாமல் தோட்டா போட்ட பிஸ்டலோடு அந்த வரிசையில் நின்றால் தன்னை அறியாமலே குற்றம் செய்கிறார். ஆனால் ஒன்று, இந்தத் தேர்வு ஓட்டுநர் தேர்வு மாதிரிதான். தேறியவர் எல்லாம் நெருக்கடியில் வண்டி ஓட்டத் தெரிந்தவர் ஆகிவிடமாட்டார். மாதம் ஒரு முறையாவது ரேஞ்சுக்கு வர முடியாது என்றால் துப்பாக்கி வைத்திருப்பதைப் பற்றி மறுபடி யோசியுங்கள்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கிற வேறு ஒருத்திக்காக. பயம் வெளி ஆளைப் பற்றி இல்லாமல் வீட்டுக்குள் இருக்கும் கணவரைப் பற்றி என்றால், அந்த வீட்டுக்குள் துப்பாக்கியைக் கொண்டு வராதீர்கள். கைத்துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்கிறவர்கள், துணைவரால் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்படும் விகிதம் ஏழு மடங்கு என்றும், அப்படிக் கொல்லப்பட்டவர்களில் 84 சதவீதம் பெண்கள் என்றும் கலிஃபோர்னியாவின் இன்னொரு ஆய்வு 2022இல் சொன்னது. நீதிமன்றப் பாதுகாப்பு ஆணை வாங்கினால் அவர் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றமாகலாம். அந்தத் தடை செல்லும் என்று 2024 ஜூனில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்திருக்கிறது. குடும்ப வன்முறை உதவி எண் 1-800-799-7233. விசா அவர் பெயரில் இருந்தாலும் அழைக்கலாம்.

சரி, பிஸ்டல் இல்லாத இந்த மாதங்களில் என்ன செய்வது? உங்கள் பயத்துக்கு நான் இதையும் சொல்லியாக வேண்டும். பின்கதவின் நிலைச்சட்டத்தில் பூட்டுத் தகடு முக்கால் அங்குலத் திருகாணியில் நிற்கும். அதைக் கழற்றிவிட்டு மூன்று அங்குலத் திருகாணி போட்டால், ஓர் உதையில் விழும் கதவு விழாது. செலவு சில டாலர்தான். நடமாட்டம் கண்டால் எரியும் விளக்கைப் பின்புறம் மாட்டுங்கள். ஹாலுக்கும் மாமியார் அறைக்கும் நடுவில் ஒரு சிறு இரவு விளக்கு போடுங்கள். யார் நடக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும், அவருக்கும் தடுக்கி விழாமல் இருக்கும். எந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவது, பெரியவள் தம்பியை எப்படி அழைத்து வருவது, யார் 911 அழைப்பது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நால்வரும் சேர்ந்து நடந்து பாருங்கள். மாமியாரையும் சேர்த்து ஐந்து பேர். வெளியே போகும்போது மிளகு ஸ்பிரே வைத்துக்கொள்ளலாம், டெக்சாஸில் கடையில் விற்கும் சிறிய டப்பாவுக்குத் தடை இல்லை. அதையும் பையன் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

கணவரிடம் பிறந்தநாளுக்கு வகுப்புக் கட்டணத்தைக் கட்டச் சொல்லுங்கள். முடிந்தால் அவரும் வரட்டும். ஒரே வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருப்பது பாதித் தெரிந்த மாதிரிதான். மூன்று மாதம் கழித்து, மாமியாரின் மனம் தேறி, அவர் தூங்கத் தொடங்கி, நீங்களும் 7 கெஜத்தில் தாளின் நடுவில் தொடர்ந்து போடத் தொடங்கிய பிறகு, வாங்குவதா வேண்டாமா என்று உட்கார்ந்து பேசுவோம். அப்போது "வேண்டாம்" என்று நீங்கள் முடிவெடுத்தாலும் கற்றது வீணாகாது. இந்த ஊரில் யாருடைய வீட்டு மேசையிலும் துப்பாக்கி இருக்கலாம். அதை எப்படிப் பத்திரமாக ஒதுக்குவது என்று தெரிந்த அம்மாவாக இருப்பீர்கள். பிள்ளைகளை விளையாட அனுப்பும் வீட்டில் "உங்க வீட்ல துப்பாக்கி இருக்கா, பூட்டியிருக்கா?" என்று கேட்கவும் உங்களுக்குத் தயக்கம் இருக்காது.

வகுப்புக்கு வரும்போது கழுத்து மூடிய டி-ஷர்ட் போட்டு வாருங்கள். சுட்டதும் தெறிக்கும் காலித் தோட்டாக் கூடு கொதிக்கும்; அகலக் கழுத்துக்குள் விழுந்தால் கையில் துப்பாக்கியோடு துள்ளிவிடுவோம், அதுதான் ஆபத்து. துப்பட்டா வேண்டாம். விரல் மூடிய ஷூ வேண்டும். கண்ணாடியும் காதுக் கவசமும் நான் தருகிறேன். கர்ப்பமாக இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். ஈயத் தூசியும் சத்தமும் குழந்தைக்கு ஆகாது, பிறகு பார்த்துக்கொள்ளலாம். முடிந்ததும் கையை வெந்நீரில் இல்லாமல் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வீட்டுக்குப் போய் உடை மாற்றிவிட்டு அப்புறம் பையனைத் தூக்குங்கள்.

மாமியாரிடம் இன்றைக்கே பேசிவிடுங்கள். பேசிவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.